எழுபத்து மூன்றாவது சொல்

வாஷிங் மெஷினுக்குள் பூனையை விடக்கூடாது என்று தமிழில் எழுதியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகுதிக்காகச் சொல்கிறேன். இருபத்தோரு வருடம் குக்கர், மிக்ஸி, வெந்நீர் ஹீட்டர் என்று கையேடுகளை மொழிபெயர்த்துக் காலம் தள்ளியவனை ஒருநாள் மனச்சோர்வை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

கூப்பிட்டது பாளையங்கோட்டையில் புதிதாக முளைத்திருந்த ஒரு மனநல ஆய்வு மையம். தலைமை டாக்டர் யாமினி, சென்னைக்காரர். மேசைமேல் இரண்டு புளியங்கொட்டைகளை வைத்தார். பார்க்க அப்படித்தான் இருந்தன, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் எலும்பு வழியாகப் பேசும். போட்டிருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது.

"பெரியவங்களுக்கு வர்ற மனச்சோர்வுக்கு ரெண்டு பேச்சு வைத்தியம் ரொம்ப நாளா இருக்கு, சார். ஒண்ணு, மனசு சொல்றதை அப்படியே நம்பாம ஆதாரம் கேக்கறது. இன்னொண்ணு, மனசு சொல்றதோட மல்லுக்கட்டாம, மூச்சைக் கவனிச்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டிருக்கறது. எது நல்லதுன்னு இன்னும் முடிவாகல. ஏன்னா வைத்தியம் பண்றவங்க ஆளுக்கு ஒரு மாதிரி பேசறாங்க. இது எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி, நாள் முழுக்கப் பேசும். நானூறு பேர். பாதிப் பேருக்குக் கறுப்பு, பாதிப் பேருக்கு வெள்ளை. ஆறு மாசத்துல பதில் தெரிஞ்சிடும்."

"எனக்கு இன்னும் புரியல, டாக்டர்."

"ஒரு நாய் குரைக்குதுன்னு வச்சுக்கங்க. கறுப்பு, 'ஏன் குரைக்கிற, ஆதாரம் காட்டு'ன்னு நாய்கிட்ட விசாரிக்கும். வெள்ளை, 'ஒரு நாய் குரைக்கிறது'ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கும்."

"கடிச்சா?"

"அதுக்குத்தான் சார் ஆய்வு."

கறுப்புக்கு வாதி என்றும் வெள்ளைக்குச் சாட்சி என்றும் பெயர் வைத்தது நான். எனக்கு வேலை மூன்று. இரண்டு கருவிகளும் பேச வேண்டிய வரிகளை எழுதுவது. வாதிக்கு ஓர் அகராதி தயாரிப்பது. நோயாளி சொல்வது நிஜத்தோடு பொருந்துகிறதா என்று அது சரிபார்க்க வேண்டும் அல்லவா? மூன்றாவது, அபாயச் சொற்பட்டியல். பட்டியலில் உள்ள ஒரு சொல் நோயாளி வாயிலிருந்து வந்தால் மையத்தில் மணி அடிக்கும், நர்ஸ் உடனே போன் செய்வார்.

எழுபத்து இரண்டு சொற்களை ஒரே மத்தியானத்தில் எழுதிவிட்டேன். யாருக்கும் தெரிந்த சொற்கள்தான், இங்கே அடுக்கப்போவதில்லை. எழுபத்து மூன்றாவதுதான் என்னுடைய சொந்தச் சரக்கு: 'போறேன்.'

"கடைக்குப் போறேன், ஆபீசுக்குப் போறேன்னு எல்லாரும் சொல்வாங்களே, சார்?"

"எங்கன்னு சொல்லாம, வெறுமனே. கெளம்பும்போதும் போனை வைக்கும்போதும். நம்ம ஆளு எவனும் அப்படிச் சொல்ல மாட்டான், டாக்டர். 'வாரேன்'பான், 'போயிட்டு வாரேன்'பான். வாசல்ல நின்னு ஒருத்தன் 'போறேன்'னு மட்டும் சொன்னா, அவனப் புடிச்சு உக்கார வைக்கணும்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எங்க அக்கா சொன்னது."

என் அக்கா பிரம்மசக்திக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மின்கட்டண அலுவலகத்தில் கண்காணிப்பாளர், தனி வீடு, தனி ஆள். காரணம் கேட்டால் காரணம் இல்லாத சோர்வு, எட்டு வருடமாக. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலை போனில் ஏதோ பேசிவிட்டு, "சரில, போறேன்" என்று வைத்தாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தியை மறு கன்னத்தில் வைக்கும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. அப்படியே ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. கடைசியில் புது பஸ் ஸ்டாண்டில், கையில் பை கூட இல்லாமல், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏல சொரி, பாதி மூஞ்சிக்குத்தான் சவரமா? மீதிக்கு எப்ப?"

என் பெயர் சொரிமுத்து. குலசாமி பெயர். அதை இப்படிச் சுருக்கும் உரிமை உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. சிரித்துவிட்டு அழுதாள். எங்கே போகக் கிளம்பினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன்பின் மாத்திரைகள். பாதி குணம்.

அக்காவை ஆய்வில் சேர்த்தது நான்தான். மையத்தில் மணி அடிக்கும், நர்ஸ் போன் செய்வார், நான் தனியாகக் காவல் காக்க வேண்டாம் என்ற சுயநலமும் இருந்தது. குலுக்கலில் அவளுக்கு வாதி விழுந்தது. மனதில் வருவதை வாய்க்குள் முணுமுணுக்கச் சொல்லியிருந்தார்கள். முணுமுணுத்தாள். இரண்டாம் வாரமே புகார் வந்தது.

"ஏல, இதெல்லாம் நீ எழுதுனதா? காலைல எந்திரிச்சு, 'ஒருத்தரும் என்னயத் தேடுததில்ல'ன்னு சொன்னேன். 'ஒருவரும் என்ற சொல்லுக்கு ஆதாரம் உண்டா?'ங்குது. பத்திர ஆபீஸ்ல கூட இவ்வளவு கேக்க மாட்டான்."

"நீ என்னக்கா சொன்ன?"

"பால்காரன் தேடுவான்னேன். 'நன்று. ஒருவர் உள்ளார்'ங்குது. இதுக்கு ஒரு மெஷினு, அதுக்கு ஒரு டாக்டரு, அதுக்குத் தமிழ் எழுத நீ ஒரு கூறுகெட்டவன்."

வாரா வாரம் மையத்தில் ஒரு மதிப்பெண் எடுப்பார்கள். குறையக் குறைய நல்லது. இருபத்து நான்கில் தொடங்கியவள் நான்கு மாதத்தில் ஒன்பதுக்கு வந்தாள். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள். என் தொப்பையைப் பற்றி, நான் போட்ட புதுச் சட்டையைப் பற்றி, என் இலக்கியச் சேவையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் தேறிவிட்டார் என்பதற்கு, அடுத்தவரைத் திட்ட ஆரம்பிப்பதைவிட நம்பகமான அறிகுறி கிடையாது.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சரில, போறேன்" என்றாள்.

அவள் கையை எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

"விடுல, வளையல் ஒடைஞ்சிரப் போவுது. நான் என்ன செய்ய? வாரேன்னு சொன்னா விட மாட்டேங்குது. 'நீங்கள் வரவில்லை, செல்கிறீர்கள். சொல்லும் செயலும் பொருந்தவில்லை'ங்குது. நேத்துலருந்து இதே தொல்ல. போறேன்னு சொன்னாத்தான் சவம் வாய மூடுது."

அவளை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து அகராதியைத் திறந்தேன். ஆய்வு தொடங்கும்போதே அனுமதி வாங்கியிருந்த அதன் இரண்டாம் பகுதி முந்தின நாள்தான் கருவிகளில் ஏறியிருந்தது. அதில் என் கையால் எழுதிய வரி: 'வாரேன்: வருகிறேன். பேசுபவர் கேட்பவரை நோக்கி நகர்தல்.' அவ்வளவுதான். விடைபெறும்போது சொல்வது என்று ஒரு குறிப்பு கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியிருப்பேன். தமிழன் எவனும் 'போறேன்' என்று சொல்ல மாட்டான் என்று ஒரு பட்டியலில் மேதாவியாக எழுதிவிட்டு, இன்னொரு பட்டியலில் அவனை அப்படிச் சொல்லவைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை டாக்டர் யாமினியே போன் செய்தார்.

"சார், ரெண்டு நாள்ல நூத்தி அறுபத்தெட்டு அபாய மணி. எல்லாம் வாதி போட்டவங்க, எல்லாம் உங்க எழுபத்து மூணாவது சொல். நாலு நர்சுக்கும் தொண்டை போச்சு. ஒருத்தர் கல்யாண பந்தியில இருந்திருக்கார். பத்திரமா இருக்கீங்களான்னு கேட்டா, 'பாயசம் வரட்டும், சொல்லுதேன்'னாராம்."

"தப்பு என்னோடதுதான், டாக்டர். அகராதில ஒரு வரி. இப்பவே மாத்தித் தாரேன்."

"அது முடியாது. அகராதி சிகிச்சையோட பகுதி. ஆய்வு நடுவுல சிகிச்சைய மாத்தணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும், ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ள ஆய்வே முடிஞ்சிடும். அபாயப் பட்டியல் சிகிச்சை இல்ல. அதுலேருந்து போறேனை இப்பவே எடுத்துடலாம்."

நான் பட்டியலைத் திறந்து அந்தச் சொல்லைப் பார்த்தேன்.

"யோசிச்சுப் பாருங்க சார். இந்தச் சத்தத்துல நிஜமான மணி ஒண்ணு அடிச்சா யார் காதுல விழும்? மத்த எழுபத்து ரெண்டு சொல்லையும் காப்பாத்தத்தான் இதை எடுக்கச் சொல்றேன்."

இதில் தவறு எதுவும் இல்லை. இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்க அக்காவுக்கு மட்டும் விட்டு வைக்கலாமா?"

"ஒருத்தருக்கு மட்டும்னா அது ஆய்வு இல்லையே சார்."

பட்டியல் என் பொறுப்பில் இருந்ததால் நான்தான் அழிக்க வேண்டும். அழித்தேன். ஒரு விசை. இனி தினமும் நானே அக்காவுக்குப் போன் செய்வது என்று முடிவெடுத்தேன். திங்கள் செய்தேன். செவ்வாய் செய்தேன். புதன்கிழமை ஒரு கையேடு அவசரம். பதினொரு மணிவாக்கில் அவளே கூப்பிட்டாள்.

"ஏல சொரி, என்ன செய்யுத?"

"தரை துடைக்கிற மெஷினுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கேன்."

"அதுக்காவது ஒழுங்கா சொல்லிக் குடு."

"சாப்டியா?"

"ம்."

"ஆபீஸ் போவலியா?"

"லீவு போட்டேன். நெறைய பேசணும்னு நெனச்சு கூப்பிட்டேன். இப்ப ஒண்ணும் இல்ல போல."

"ஒண்ணும் இல்லங்கிறதுக்கு ஆதாரம் உண்டான்னு கேக்கலியா உன் ஆளு?"

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

"கேட்டுது, கேட்டுது. சரில. போறேன்."

"நல்ல பிள்ள," என்றேன் நான். "மெஷின் சொன்னபடி பேசுத."

போனை வைத்துவிட்டு, ஈரத் தரையில் இயக்கும்போது என்ன செய்யக்கூடாது என்று மூன்று பத்தி எழுதினேன்.

அன்று சாயங்காலம் அக்கா இல்லை. எப்படி என்று எழுத மாட்டேன். அது என்னால் மொழிபெயர்க்க முடியாத பகுதி. மையத்தில் மணி அடிக்கவில்லை. மற்ற எழுபத்து இரண்டில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை.

ஆய்வு குறித்த நாளில் முடிந்தது. டாக்டர் முடிவுகளை எனக்கு முதலில் காட்டினார். காட்டியிருக்க வேண்டியதில்லை, மரியாதைக்காகக் காட்டினார்.

"ரெண்டும் கிட்டத்தட்ட சமம் சார். வாதி அரை மார்க் முன்னாடி இருக்கு. அரசாங்கத்துக்கு ஒண்ணுதான் வேணுமாம். அதனால வாதிய எல்லா மாவட்டத்துக்கும் எடுத்துக்கறாங்க. சாட்சிய நிறுத்தறோம்."

"அக்கா எதுல வாரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியா எடுத்த மதிப்பெண்தான் கணக்கு. இறப்பு பின்னிணைப்புல வரும். அவங்க கடைசி மதிப்பெண் அந்தத் திங்கக்கிழமை எடுத்தது. ஆறு."

"ஆறு நல்லதா?"

"வாதி போட்டவங்கள்ல மூணாவது பெரிய முன்னேற்றம், சார்."

என் அக்கா படிக்கும்போது பத்தாவது ரேங்குக்கு மேல் வந்ததில்லை. இதைக் கேட்டால் எனக்கு ஒரு குட்டு வைத்துவிட்டு, "பாத்தியால?" என்றிருப்பாள்.

பிறகு நான் குளிக்க மறந்தேன். கையேடுகள் குவிந்தன. ஒரு நிறுவனம் போன் செய்து, 'சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள்' என்ற இடத்தில் 'தொட்டால்தான் என்ன' என்று வந்திருப்பதாக வருத்தப்பட்டது. டாக்டர் காதுக்குச் செய்தி போயிருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து, தன் கையாலேயே என் வலது காதுக்குப் பின்னால் ஒரு வாதியை ஒட்டிவிட்டுப் போனார்.

"உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்," என்றது. என் வரி. ஒற்றுப்பிழை இல்லை.

"எங்க அக்கா செத்ததுக்கு நான்தான் காரணம்."

"இந்த எண்ணத்திற்கு ஆதாரம் உண்டா?"

சொன்னேன். அழித்த நாள், போன் வந்த நேரம், அவள் சொன்ன சொல், அதற்கு நான் சொன்ன பதில்.

"மாற்று விளக்கம் ஏதேனும் உண்டா?"

"டாக்டர் சொல்லித்தான் எடுத்தேன்."

"நீங்கள் மறுத்திருக்க முடியுமா?"

"முடியும்."

"அகராதிப் பிழை யாருடையது?"

"என்னோடது."

"அச்சொல்லின் பொருள் உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"அவ வாயிலருந்து வந்தா என்ன அர்த்தம்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

மட்டும், எப்போதும், ஒருவரும் போன்ற சொற்கள் வந்தால் வாதி விடாது. ஆதாரம் கேட்கும். கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சற்று நேரம் எதையோ சரிபார்த்தது.

"உங்கள் எண்ணத்தில் திரிபு எதுவும் இல்லை. தெளிவாகச் சிந்திக்கிறீர்கள். தெளிவுக்கு இன்றைய மதிப்பெண் பத்துக்குப் பத்து."

மறுநாளும் கேட்டது, மறுநாளும் சொன்னேன். பத்துக்குப் பத்து. ஒன்பது நாள் தொடர்ந்து நூறு சதவீதம். கழற்றி எறிந்திருக்கலாம். ஆனால் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் 'உன் தப்பு இல்லப்பா' என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில், உண்மை பேசியது அது ஒன்றுதான். அதை எப்படி வெளியே அனுப்புவது?

பத்தாம் நாள் காலை மையத்துக்குப் போனேன். டாக்டர் அறையில் அட்டைப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சென்னைக்குத் திரும்புகிறாராம்.

"எனக்குச் சாட்சி வேணும், டாக்டர்."

"அது தோத்துப் போச்சே, சார்."

"அது யாருட்ட தோத்துச்சுன்னு பாக்கணும்லா. 'நான் எதுக்கும் லாயக்கில்ல', 'ஒருத்தரும் எனக்கில்ல', இதெல்லாம் பொய். பொய்ய வாதி ஓட ஓட வெரட்டிரும். என்னோடது பொய் இல்ல. வாதியே சோதிச்சுப் பாத்து ஒப்புக்கிட்டாச்சு. உண்மையான எண்ணத்த வச்சுக்கிட்டு ஒருத்தன் எப்படி உக்காந்திருக்கதுன்னு அதுக்குத் தெரியாது. அது வெள்ளைக்குத்தான் தெரியும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இடது காதை மூடியிருந்த முடியை ஒதுக்கினார். வெள்ளைப் புளியங்கொட்டை.

"எப்பருந்து?"

"உங்க அக்கா போன மறுநாள்லேருந்து. எடுக்கச் சொன்னது நான்தானே, சார்."

"ஒண்ணு இருக்குல்லா. ஒரு வாரம் குடுங்க, திருப்பித் தந்திருதேன்."

"இது பேசாது. சர்வர மூடி பதினோரு நாள் ஆச்சு. மூடறதுக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"பெறவு எதுக்கு மாட்டியிருக்கிய?"

"கழட்ட முடியல," என்றார். பிறகு வேறு குரலில், "அந்த வரிங்க உங்களுக்கு ஞாபகம் இருக்கா, சார்? நீங்க எழுதினதுதானே. ஒரு தடவை சொல்லுங்களேன்," என்றார்.

நான் வாங்க வந்தவன். ஆனால் அந்த அம்மாள் கண்ணை ஏற்கெனவே மூடிவிட்டார். கைகள் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. என்னிடம் அந்த நிலையில் யாரும் எதையும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மூச்சு உள்ளே வருகிறது. மூச்சு வெளியே போகிறது. ஓர் எண்ணம் வந்து நிற்கிறது. அதை விரட்ட வேண்டாம். அதனிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம். அது வெறும் எண்ணம்."

டாக்டரின் தோள்கள் மெல்ல இறங்கின. இமையோரம் நனைந்தது. எத்தனை நாளைக்குப் பிறகோ, ஒரு முழு மூச்சு அவருக்குள் போய் வந்தது.

என் வலது காதுக்குப் பின்னால், எனக்கு மட்டும் கேட்கும்படி, "'வெறும்' என்ற சொல் ஆதாரத்துடன் பொருந்தவில்லை," என்றது.

"அடுத்தது?" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

சொன்னேன்.